தொடக்ககாலத் தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவன இலச்சினைகள்

தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவன இலச்சினை என்பது, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தயாரித்த அல்லது விநியோகித்த நிறுவனத்தை அடையாளப்படுத்தும் வகையில், அந்நிகழ்ச்சியின் இறுதியில் சில நொடிகள் காட்டப்படும் உருவம், எழுத்து, ஒலி ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். நிகழ்ச்சியின் முடிவில் வருவதால் இது நிறைவு இலச்சினை என்றும் அழைக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1950களில் படச்சுருளில் எடுக்கப்பட்ட தொடர்கள் பெருகியபோது இவ்வழக்கம் நிலைபெற்றது. இக்கட்டுரை 1940களின் இறுதி முதல் 1970கள் வரை அந்நாட்டில் தோன்றிய இலச்சினைகளைப் பற்றியது.

இவ்விலச்சினைகள் வெறும் அலங்காரமாக உருவானவை அல்ல. ஒரு நிகழ்ச்சி யாருக்குச் சொந்தம், அதை மறுபடியும் ஒளிபரப்பும் உரிமையை விற்பவர் யார் என்னும் கேள்விகளுக்கான விடையாகவே அவை தோன்றின. அதனால் உரிமை கைமாறியபோதெல்லாம் இலச்சினையும் மாற்றப்பட்டது. பழைய படிகளில் எஞ்சியிருக்கும் சில நொடிகள் தொலைக்காட்சித் தொழிலின் வரலாற்றுக்குச் சான்றாக மதிக்கப்படுவதற்கு இதுவே காரணம் ஆகும்.

வகைகள்

தொலைக்காட்சியில் தோன்றும் அடையாளங்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

- வலையமைப்பு அல்லது ஒளிபரப்பு நிலையச் சின்னம்: நிகழ்ச்சியை ஒளிபரப்பும் நிறுவனத்தைக் குறிப்பது. சிபிஎஸ் நிறுவனத்தின் கண், என்பிசி நிறுவனத்தின் மயில் ஆகியன இவ்வகையின.
- தயாரிப்பு இலச்சினை: நிகழ்ச்சியை உருவாக்கிய நிறுவனத்தைக் குறிப்பது. டெசிலு, மார்க் செவன், ஸ்கிரீன் ஜெம்ஸ் ஆகியவற்றின் இலச்சினைகள் எடுத்துக்காட்டுகள் ஆகும்.
- விநியோக இலச்சினை: நிகழ்ச்சியை ஒளிபரப்பு நிலையங்களுக்கு விற்கும் நிறுவனத்தைக் குறிப்பது. எம்சிஏ டிவி, வயாகாம் ஆகியவற்றின் இலச்சினைகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒரே நிகழ்ச்சியின் முடிவில் தயாரிப்பு இலச்சினையும் விநியோக இலச்சினையும் அடுத்தடுத்து வருவது உண்டு. இரண்டு பணிகளையும் ஒரே நிறுவனம் செய்யும்போது ஓர் இலச்சினையே இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது.

பின்னணி: விளம்பரதாரர் காலம்

அமெரிக்கத் தொலைக்காட்சி வானொலியின் வணிக முறையைப் பின்பற்றி வளர்ந்தது. ஒரு முழு நிகழ்ச்சிக்கும் ஒரே விளம்பரதாரர் பணம் கொடுப்பது வழக்கமாக இருந்தது. பல நிகழ்ச்சிகளை விளம்பர முகமைகளே தயாரித்தன. எனவே நிகழ்ச்சியின் பெயரிலேயே விளம்பரதாரரின் பெயர் இடம்பெற்றது. 1947 ஆம் ஆண்டில் தொடங்கிய 'கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர்', 1948 ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக்கு வந்த 'டெக்சகோ ஸ்டார் தியேட்டர்', 1949 ஆம் ஆண்டில் தொடங்கிய 'கேமல் நியூஸ் கேரவன்' ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும். இவை முறையே பாலாடைக்கட்டி, எரிபொருள், சிகரெட் ஆகியவற்றை விற்ற நிறுவனங்களின் பெயரைத் தாங்கியவை.

இக்காலத்து நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நேரலையாக ஒளிபரப்பப்பட்டன. ஒருமுறை ஒளிபரப்பானதும் நிகழ்ச்சி முடிந்துவிடும்; மறுபடியும் விற்பதற்கு ஒன்றும் இருக்காது. நேரலையைப் பதிவு செய்ய வேண்டுமானால், தொலைக்காட்சித் திரையை எதிரே வைத்துப் படச்சுருளில் படம்பிடிக்க வேண்டும். கினஸ்கோப் எனப்பட்ட இப்பதிவுகள் தெளிவு குன்றியவை. ஆகவே தயாரிப்பாளர் தம் பெயரை நிலையாகப் பொறிப்பதற்கான தேவை அப்போது பெரிதாக எழவில்லை. பார்வையாளரின் நினைவில் நிற்க வேண்டியது விளம்பரதாரரின் பொருள் மட்டுமே எனக் கருதப்பட்டது.

படச்சுருளும் உரிமையும்

நிலைமையை மாற்றியது படச்சுருளில் நேரடியாக எடுக்கப்பட்ட நிகழ்ச்சிகளே. நடிகை லூசில் பால், அவருடைய கணவர் டெசி ஆர்னாஸ் ஆகிய இருவரும் 1950 ஆம் ஆண்டில் டெசிலு நிறுவனத்தைத் தொடங்கினர். இருவரின் பெயர்களின் முற்பகுதிகளை இணைத்து இப்பெயர் உருவாக்கப்பட்டது. இவர்களின் 'ஐ லவ் லூசி' தொடர் 1951 அக்டோபர் 15 அன்று சிபிஎஸ் வலையமைப்பில் தொடங்கியது.

இத்தொடர் நியூயார்க்கிலிருந்து நேரலையாக வர வேண்டும் என்பது முதலில் இருந்த எதிர்பார்ப்பு. ஆனால் பாலும் ஆர்னாசும் ஹாலிவுட்டிலேயே தங்க விரும்பினர். அங்கிருந்து நேரலையாக அனுப்பினால், மக்கள்தொகை மிகுந்த கிழக்குப் பகுதியினர் மங்கலான கினஸ்கோப் படியையே காண நேரிடும். ஆகவே பார்வையாளர்களை அமர்த்தி, அவர்கள் முன்னிலையில் மூன்று 35 மி.மீ. படச்சுருள் கேமராக்களைக் கொண்டு தொடரை எடுக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. ஒளிப்பதிவை கார்ல் பிராய்ண்ட் மேற்பார்வையிட்டார். இதற்குக் கூடுதல் செலவு ஆனது. அதை ஈடுசெய்யத் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ள இசைந்த தம்பதியினர், அதற்கு மாற்றாகப் படச்சுருள்களின் உரிமையைப் பெற்றனர்.

அந்த உரிமையின் மதிப்பு சில ஆண்டுகளிலேயே தெரியவந்தது. பின்னர் சிபிஎஸ் நிறுவனமே பல மில்லியன் டாலர் கொடுத்து அப்படங்களை வாங்கியது. 1957 ஆம் ஆண்டில் டெசிலு நிறுவனம் ஆர்கேஓ திரைப்பட நிறுவனத்தின் படப்பிடிப்பு வளாகங்களை வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. நல்ல நிலையில் உள்ள படச்சுருள் ஒரு சொத்து என்பதைத் தொழில்துறையினர் உணர்ந்தனர். சொத்து உண்டான இடத்தில் சொந்தக்காரரின் பெயரும் தேவைப்பட்டது. சாய்ந்த கையெழுத்து வடிவில் எழுதப்பட்ட டெசிலு என்னும் பெயர், அந்நிறுவனத்தின் நிகழ்ச்சிகளின் முடிவில் நன்கு அறியப்பட்ட காட்சி ஆயிற்று.

முதல் தலைமுறை இலச்சினைகள்

ஸிவ்

பிரடெரிக் ஸிவ் 1937 ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரில் வானொலி நிகழ்ச்சிகளை விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1948 முதல் இந்நிறுவனம் தொலைக்காட்சியிலும் ஈடுபட்டது. வலையமைப்புகளுக்கு விற்காமல், ஒவ்வோர் ஊரிலும் உள்ள ஒளிபரப்பு நிலையங்களுக்கும் உள்ளூர் விளம்பரதாரர்களுக்கும் நேரடியாக நிகழ்ச்சிகளை விற்பது இதன் வழிமுறை ஆகும். இம்முறை சிண்டிகேஷன் எனப்படுகிறது. 'தி சிஸ்கோ கிட்' (1950–1956), 'ஹைவே பேட்ரோல்' (1955–1959), 'சீ ஹண்ட்' (1958–1961) ஆகியன இதன் புகழ்பெற்ற தொடர்கள். பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே இருந்த காலத்தில் 'தி சிஸ்கோ கிட்' வண்ணத்தில் எடுக்கப்பட்டது. வண்ணத் தொலைக்காட்சி பரவிய பின்னரும் அதை விற்க முடியும் என்பது இதன் கணிப்பு.

சிண்டிகேஷன் முறையில் ஒரே தொடர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு விளம்பரதாரர்களுடன் ஒளிபரப்பானது. எல்லா ஊர்களிலும் மாறாமல் இருந்தது தயாரிப்பாளரின் பெயர் ஒன்றே. எனவே ஸிவ் போன்ற நிறுவனங்களுக்கு இலச்சினை ஒரு வணிகத் தேவை ஆயிற்று. நிலைய அலுவலர்கள் அடுத்த தொடரை யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அது நினைவூட்டியது. 1960 ஆம் ஆண்டில் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் ஸிவ் நிறுவனத்தை வாங்கியது. அதன்பின் இரண்டு பெயர்களும் இணைந்த இலச்சினை வழக்கத்துக்கு வந்தது.

மார்க் செவன்

ஜாக் வெப் தயாரித்து, இயக்கி, நடித்த 'டிராக்நெட்' என்னும் காவல்துறைத் தொடர் 1951 முதல் 1959 வரை என்பிசி வலையமைப்பில் ஒளிபரப்பானது. இவருடைய மார்க் செவன் நிறுவனத்தின் இலச்சினை இக்காலத்தின் மிகவும் அறியப்பட்ட இலச்சினைகளுள் ஒன்று. வியர்வை படிந்த இரு கைகள் மட்டுமே திரையில் தெரியும். ஒரு கை உலோகத் தகட்டின்மீது முத்திரை அச்சைப் பிடித்திருக்கும். மற்றொரு கை சுத்தியலால் இருமுறை ஓங்கி அடிக்கும். அச்சு விலகியதும், ஏழு என்பதற்கான உரோம எண் தகட்டில் பதிந்திருக்கும்.

வரைபடமோ அசைவூட்டமோ இன்றி, மனித உழைப்பை நேரடியாகப் படம்பிடித்துக் காட்டியது இதன் தனிச்சிறப்பு ஆகும். 1968 ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஆடம்-12', 1972 ஆம் ஆண்டில் தொடங்கிய 'எமர்ஜென்சி' ஆகிய தொடர்களின் முடிவிலும் இவ்விலச்சினை இடம்பெற்றது.

ஃபோர் ஸ்டார்

1952 ஆம் ஆண்டில் திரைப்பட நடிகர்களான டிக் பவல், டேவிட் நிவன், சார்லஸ் பாயர் ஆகியோரின் முயற்சியால் இந்நிறுவனம் தோன்றியது. நான்கு நட்சத்திரங்கள் மாறி மாறி நடிக்கும் 'ஃபோர் ஸ்டார் பிளேஹவுஸ்' தொடரே இதன் முதல் பணி. நான்காவது இடத்தை நடிகை ஐடா லூபினோ நிரப்பினார். நிறுவனத்தின் பெயரை அப்படியே படமாக்கும் எளிய இலச்சினைக்கு இது எடுத்துக்காட்டு ஆகும். 'தி ரைபிள்மேன்' (1958–1963) இதன் புகழ்பெற்ற தயாரிப்புகளுள் ஒன்று.

ரெவ்யூவும் எம்சிஏவும்

எம்சிஏ நிறுவனம் நடிகர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் வாய்ப்புப் பெற்றுத்தரும் முகமையாக இருந்தது. முகவராக இருப்பவரே தயாரிப்பாளராகவும் இருப்பதற்கு நடிகர் சங்கத்தின் விதிகள் தடையாக இருந்தன. 1952 ஆம் ஆண்டில், பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவரான ரொனால்ட் ரேகன் தலைமையில் இயங்கிய நடிகர் சங்கம் எம்சிஏவுக்குச் சிறப்பு விலக்கு அளித்தது. இதன் பயனாக அதன் தயாரிப்புப் பிரிவான ரெவ்யூ மிக வேகமாக வளர்ந்தது. 1958 ஆம் ஆண்டின் இறுதியில் யுனிவர்சல் நிறுவனத்தின் படப்பிடிப்பு வளாகத்தையே எம்சிஏ விலைக்கு வாங்கியது.

நிகழ்ச்சிகளின் இறுதியில் ரெவ்யூ பெயர் தயாரிப்பாளராகவும், எம்சிஏ டிவி என்னும் பெயர் விநியோகிப்பவராகவும் தோன்றின. 1962 ஆம் ஆண்டில் எம்சிஏ யுனிவர்சல் நிறுவனத்தைத் தன்வசப்படுத்தியது. அதே ஆண்டில், நீதித்துறையின் நடவடிக்கையைத் தொடர்ந்து தன் முகமைத் தொழிலைக் கைவிட்டது. விரைவில் ரெவ்யூ என்னும் பெயர் மறைந்து, யுனிவர்சல் என்னும் பெயர் அதன் இடத்தைப் பிடித்தது.

திரைப்பட நிறுவனங்களின் வருகை

பெரிய ஹாலிவுட் நிறுவனங்கள் முதலில் தொலைக்காட்சியைப் போட்டியாளராகவே கருதின. இவற்றுள் கொலம்பியா நிறுவனம் முந்திக்கொண்டது. தன் பழைய கேலிச்சித்திரப் பிரிவின் பெயரான ஸ்கிரீன் ஜெம்ஸ் என்பதைத் தொலைக்காட்சிப் பிரிவுக்கு இட்டு, 1940களின் இறுதியில் விளம்பரப் படங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் தொடர்களிலும் இறங்கியது. 1954 அக்டோபரில் வால்ட் டிஸ்னியின் 'டிஸ்னிலேண்ட்' நிகழ்ச்சி ஏபிசி வலையமைப்பில் தொடங்கியது. 1955 ஆம் ஆண்டில் வார்னர் பிரதர்ஸ், எம்ஜிஎம், டுவென்டியத் சென்சுரி ஃபாக்ஸ் ஆகிய நிறுவனங்களும் தொலைக்காட்சிக்கு வந்தன.

இந்நிறுவனங்களுக்குப் புதிய இலச்சினை தேவைப்படவில்லை. வார்னரின் கேடயம், எம்ஜிஎம்மின் சிங்கம், ஃபாக்சின் எக்காள இசை ஆகியவற்றை மக்கள் திரையரங்குகளில் பல ஆண்டுகளாக அறிந்திருந்தனர். அவற்றைச் சுருக்கித் தொலைக்காட்சிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதுமானதாக இருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. திரைப்படத்தில் இலச்சினை முதலில் வரும். தொலைக்காட்சியில் பெரும்பாலும் இறுதியில் வரும். தொடக்க நொடிகள் பார்வையாளரை ஈர்ப்பதற்கும் விளம்பரதாரரின் பெயருக்கும் ஒதுக்கப்பட்டதே இதற்குக் காரணம்.

1958–1959 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த வினாடிவினா முறைகேடுகள், விளம்பரதாரர்களே நிகழ்ச்சியைக் கட்டுப்படுத்தும் முறைக்குப் பெரும் பின்னடைவை ஏற்படுத்தின. ஒரு நிகழ்ச்சியில் பல விளம்பரதாரர்கள் இடம் வாங்கும் முறை பரவியது. நிகழ்ச்சியின் பெயரிலிருந்து விளம்பரதாரர் விலக விலக, முடிவில் வரும் தயாரிப்பாளரின் பெயர் தனித்துத் தெரிந்தது.

தயாரிப்பு முறையும் தொழில்நுட்பமும்

தொடக்ககால இலச்சினைகள் பெரும்பாலும் அட்டையில் கையால் வரையப்பட்டு, அசைவூட்ட மேசையில் படம்பிடிக்கப்பட்டன. அசைவு வேண்டுமானால் ஒவ்வொரு சட்டமாக எடுக்க வேண்டும். எழுத்துகளை வேறொரு காட்சியின்மீது படியச் செய்வதற்கு ஒளியியல் அச்சுப்பொறி பயன்பட்டது. நேரலை நிகழ்ச்சிகளில், அச்சிட்ட அட்டையை ஒரு தாங்கியில் வைத்துக் கேமராவுக்கு நேரே காட்டுவதே போதுமானதாக இருந்தது.

அக்காலப் பெட்டிகளின் இயல்பும் இலச்சினைகளின் வடிவத்தைத் தீர்மானித்தது. அமெரிக்க முறையில் படம் 525 கிடைக்கோடுகளால் ஆனது, திரை சிறியது, அதன் ஓரங்கள் வளைந்திருந்தன. விளிம்பில் உள்ள எழுத்துகள் வீட்டுத் திரையில் மறைந்துபோகக்கூடும். எனவே பெயர் நடுவிலும், எழுத்துகள் தடித்தும், பின்னணி மாறுபட்ட நிறத்திலும் இருக்க வேண்டியிருந்தது. நுண்ணிய வேலைப்பாடுகள் திரையில் கரைந்துவிடும். இன்று கலை நயம் எனத் தோன்றும் அந்த எளிமை, பெரும்பகுதி இக்கட்டுப்பாட்டின் விளைவு ஆகும்.

சிறிய நிலையங்களுக்கு 16 மி.மீ. படிகளே அனுப்பப்பட்டன. ஒரு நிலையம் ஒளிபரப்பிய பின் அப்படியை அடுத்த நிலையத்துக்கு அனுப்பிவைக்கும். பல ஊர்களைச் சுற்றிவந்த படிகளில், சுருளின் கடைசியில் இருந்த இலச்சினைப் பகுதியே எளிதில் கீறலுக்கும் கிழிசலுக்கும் உள்ளானது.

1953 டிசம்பரில் வண்ணத் தொலைக்காட்சிக்கான தர அளவுகளுக்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஆயினும் 1960களின் நடுப்பகுதியில்தான் முதன்மை நேர நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வண்ணத்துக்கு மாறின. அப்போது பல நிறுவனங்கள் தம் இலச்சினைகளைப் புதிதாக வரைந்தன.

ஒலி

இலச்சினை காட்சியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. வானொலிக் காலத்தில் என்பிசி பயன்படுத்திய மூன்று சுர மணியொலி 1950 ஆம் ஆண்டில் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் ஒலி மட்டுமே கொண்ட ஒன்று இவ்வாறு பதிவு பெற்றது இதுவே முதன்முறை ஆகும்.

போட்டி நிகழ்ச்சிகளுக்குப் பெயர்பெற்ற மார்க் குட்சன், பில் டாட்மன் ஆகியோரின் நிறுவனம் அறிவிப்பாளரின் குரல் வழியாகத் தன் பெயரை அறிவித்தது. பிலிம்வேஸ் நிறுவனம் தன் தொடர்களில் நடித்தவர்களைக் கொண்டே இவ்வறிவிப்பைச் சொல்லவைத்தது. 'கிரீன் ஏக்கர்ஸ்' தொடரில் நடிகை ஈவா கபோர் தம் கதாபாத்திரத்தின் கொஞ்சு மொழியிலேயே நிறுவனத்தின் பெயரை உச்சரித்தார். இதனால் இலச்சினை நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகவே மாறியது.

1965 ஆம் ஆண்டில் ஸ்கிரீன் ஜெம்ஸ் வெளியிட்ட வண்ண இலச்சினை இவ்வகையில் ஒரு திருப்பம். ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்த இரு பட்டைகள் இணைந்து அந்நிறுவனப் பெயரின் முதலெழுத்தாக உருப்பெறும். இதற்கான மின்னணு இசையை எரிக் சைடே அமைத்தார். 'பிவிச்ட்', 'ஐ டிரீம் ஆஃப் ஜீனி', 'தி மங்கீஸ்' போன்ற நகைச்சுவைத் தொடர்களின் முடிவில் இது ஒலித்தது. மின்னணு இசை வீடுகளில் அரிதாகவே கேட்கப்பட்ட அக்காலத்தில், சிரிப்பொலி அடங்கியதும் திடீரென எழுந்த இவ்வொலி சிறுவர்கள் பலரை அச்சுறுத்தியது. அவர்கள் வளர்ந்தபின் இதற்கு 'நரகத்தின் எஸ்' என்னும் பட்டப்பெயர் நிலைத்தது. இவ்வச்சத்தைப் பற்றி ரோட்னி ஆஷர் இயக்கிய குறும்படம் 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1974 ஆம் ஆண்டில் ஸ்கிரீன் ஜெம்ஸ் கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷன் எனப் பெயர் மாறியதோடு இவ்விலச்சினை கைவிடப்பட்டது.

வலையமைப்புச் சின்னங்களுடன் ஒப்பீடு

இதே காலத்தில் வலையமைப்புகளும் தமக்கான சின்னங்களை உருவாக்கின. வில்லியம் கோல்டன் வடிவமைத்த சிபிஎஸ் கண் 1951 அக்டோபரில் திரைக்கு வந்தது. ஜான் கிரகாம் வடிவமைத்த என்பிசி மயில் 1956 ஆம் ஆண்டில் அறிமுகமானது. என்பிசியின் உரிமையாளரான ஆர்சிஏ வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரித்து வந்தது; மயிலின் பல வண்ணத் தோகை அப்பெட்டிகளுக்கான விளம்பரமாகவும் அமைந்தது.

இச்சின்னங்கள் நிகழ்ச்சி எங்கே ஒளிபரப்பாகிறது என்பதைக் கூறின. தயாரிப்பு இலச்சினைகளோ நிகழ்ச்சி எங்கிருந்து வந்தது என்பதைக் கூறின. நிகழ்ச்சி வேறு நிலையத்துக்குச் செல்லும்போது முதலாவது நீங்கிவிடும். இரண்டாவது உடன் செல்லும்.

பிரித்தானியாவில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு 1955 ஆம் ஆண்டில் தொடங்கிய ஐடிவி அமைப்பில், ஒளிபரப்பும் வட்டார நிறுவனங்களே தயாரிப்பாளர்களாகவும் விளங்கின. எனவே அவற்றின் சின்னங்கள் நிகழ்ச்சிக்கு முன்பே காட்டப்பட்டன. 1959 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆங்கிலியா தொலைக்காட்சி, சுழலும் வெள்ளி வீரன் சிலையைத் தன் சின்னமாகக் கொண்டிருந்தது. இது வரைபடம் அன்று. உண்மையான வெள்ளிச் சிலையைச் சுழற்றி எடுக்கப்பட்ட படம் ஆகும்.

பதிப்புரிமை அறிவிப்பு

நிறைவு இலச்சினையுடன் அல்லது அதற்குச் சற்று முன்னர், சிறிய எழுத்துகளில் ஒரு வரி காணப்படும். உரிமையாளரின் பெயரும், பெரும்பாலும் உரோம எண்களில் எழுதப்பட்ட ஆண்டும் அதில் இருக்கும். இது சட்டத்தின் தேவை. 1909 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, முறையான அறிவிப்பு இன்றி வெளியிடப்பட்ட ஆக்கம் பாதுகாப்பை இழக்கக்கூடும். மேலும் முதல் 28 ஆண்டுகள் முடிவதற்குள் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தல் 1964 முதல் வெளியான ஆக்கங்களுக்குத் தானாகவே நிகழும் என 1992 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது.

அதற்கு முற்பட்ட நிகழ்ச்சிகளில் பல, உரிமையாளர் மாற்றங்களுக்கிடையே புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டன. பிலிம்வேஸ் தயாரித்த 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்' தொடரின் தொடக்ககால அத்தியாயங்கள் பல இவ்வாறு பொதுவுடைமை ஆயின. ஓர் அத்தியாயத்தின் உரிமை நிலையை ஆராய்பவர்களுக்கு, முதல் படியின் இறுதி நொடிகளில் உள்ள பெயரும் ஆண்டும் முதன்மையான தடயங்கள் ஆகும்.

1970 ஆம் ஆண்டின் விதிகளும் விளைவுகளும்

1970 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் புதிய விதிகளை ஏற்றுக்கொண்டது. வெளியார் தயாரித்த நிகழ்ச்சிகளில் வலையமைப்புகள் உரிமைப் பங்கு வைத்திருப்பதையும், மறுஒளிபரப்பு உரிமைகளை உள்நாட்டில் விற்பதையும் இவ்விதிகள் தடுத்தன. இதனால் சிபிஎஸ் தன் விநியோகப் பிரிவைத் தனியாகப் பிரிக்க வேண்டி வந்தது. அவ்வாறு 1971 ஆம் ஆண்டில் உருவானதே வயாகாம் ஆகும். 1976 ஆம் ஆண்டில் அறிமுகமான இதன் இலச்சினையில், ஆங்கில எழுத்தான வி பார்வையாளரை நோக்கி விரைந்து வரும். இரசிகர்கள் இதற்கு 'அழிவின் வி' எனப் பெயரிட்டனர். தாய் நிறுவனத்திலிருந்து பிரிக்கப்பட்ட இவ்வயாகாம், 2000 ஆம் ஆண்டில் அத்தாய் நிறுவனத்தையே வாங்கியது குறிப்பிடத்தக்கது.

இவ்விதிகள் சுதந்திரத் தயாரிப்பாளர்களுக்கு ஊக்கம் அளித்தன. நடிகை மேரி டைலர் மூர், கிராண்ட் டிங்கர் ஆகியோர் 1969 ஆம் ஆண்டில் தொடங்கிய எம்டிஎம் நிறுவனம் இவற்றுள் ஒன்று. எம்ஜிஎம் சிங்கத்தைக் கேலி செய்யும் வகையில், அதே வட்டத்துக்குள் மிம்சி என்னும் பூனைக்குட்டி மியாவ் எனக் கத்துவது இதன் இலச்சினை. 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' என்னும் காவல்துறைத் தொடரில் பூனைக்குக் காவலர் தொப்பியும், 'செயின்ட் எல்ஸ்வேர்' என்னும் மருத்துவமனைத் தொடரில் அறுவைச் சிகிச்சை முகமூடியும் அணிவிக்கப்பட்டன. 1988 ஆம் ஆண்டில் ஒளிபரப்பான பின்னதன் இறுதி அத்தியாயத்தில், இதயத் துடிப்பு நேர்கோடாகி நின்றுபோகும் நிலையில் அப்பூனை காட்டப்பட்டது.

மாற்றமும் அழிவும்

நிறுவனங்கள் விற்கப்பட்டபோது, புதிய உரிமையாளர்கள் பழைய இலச்சினையை வெட்டிவிட்டுத் தமதை இணைப்பது வழக்கமாயிற்று. 'ஸ்டார் ட்ரெக்' தொடர் 1966 ஆம் ஆண்டில் டெசிலு தயாரிப்பாகத் தொடங்கியது. 1967 ஆம் ஆண்டில் டெசிலு நிறுவனம் பாரமவுண்டின் உரிமையாளரான கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதனால் இரண்டாம் பருவத்தின் இடையிலேயே அத்தொடரின் நிறைவு இலச்சினை பாரமவுண்ட் என மாறியது. பின்னாளில் விநியோகிக்கப்பட்ட பல படிகளில் முன்பருவ அத்தியாயங்களின் டெசிலு பெயரும் நீக்கப்பட்டது. முதலில் இத்தொடருக்குத் துணிந்து பணம் போட்ட நிறுவனத்தின் பெயரைப் புதிய பார்வையாளர்கள் அறிய வழியில்லாமல் போனது.

'ஐ லவ் லூசி' தொடரிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. முதல் ஒளிபரப்பில் அசைவூட்டக் கோட்டுருவங்கள் பிலிப் மாரிஸ் சிகரெட்டை விளம்பரம் செய்தன. மறுஒளிபரப்பில் அவ்விளம்பரதாரருக்கு இடமில்லை என்பதால், பட்டுத்துணியின்மீது அமைந்த இதய வடிவம் அதற்கு மாற்றாக வைக்கப்பட்டது. உலகெங்கும் அத்தொடரின் அடையாளமாகக் கருதப்படும் இவ்விதயம், உண்மையில் பின்னர் இணைக்கப்பட்ட ஒன்று.

சில நிகழ்ச்சிகள் முழுமையாகவே அழிந்தன. 1956 ஆம் ஆண்டில் மூடப்பட்ட டுமான்ட் வலையமைப்பின் கினஸ்கோப் பதிவுகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றில் பல 1970களில் நியூயார்க் துறைமுக நீரில் கொட்டப்பட்டதாக நடிகை ஈடி ஆடம்ஸ் 1996 ஆம் ஆண்டில் ஒரு பொது விசாரணையில் சாட்சியம் அளித்தார்.

1990களில் மற்றொரு மாற்றம் வந்தது. பார்வையாளர் வேறு அலைவரிசைக்குச் செல்வதைத் தடுக்க, 1994 முதல் என்பிசி நிறைவுப் பெயர்களைத் திரையின் ஒரு பக்கமாகச் சுருக்கி, மறுபக்கத்தில் முன்னோட்டங்களைக் காட்டியது. பிற வலையமைப்புகளும் இதைப் பின்பற்றின. தனி இசையுடன் முழுத்திரையில் தோன்றிய இலச்சினைகள் ஓரிரு நொடிகளாகக் குறைந்தன.

பாதுகாப்பும் ஆய்வுப் பயனும்

இலச்சினைகளைத் தனியே பாதுகாக்கும் எண்ணம் தொடக்கத்தில் எவருக்கும் இருக்கவில்லை. அமெரிக்கக் காங்கிரசு நூலகம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத் திரைப்பட, தொலைக்காட்சி ஆவணக் காப்பகம், 1975 ஆம் ஆண்டில் ஒலிபரப்பு அருங்காட்சியகம் என்னும் பெயரில் நிறுவப்பட்ட பேலி மையம் ஆகியவை நிகழ்ச்சிகளைச் சேகரித்தபோது, அவற்றின் முடிவில் இருந்த இலச்சினைகளும் உடன் காக்கப்பட்டன. 1975 ஆம் ஆண்டில் வீட்டு ஒளிநாடாப் பதிவுக்கருவிகள் விற்பனைக்கு வந்தபின், பொதுமக்கள் பதிவு செய்த நாடாக்களிலும் பல இலச்சினைகள் தற்செயலாக எஞ்சின. தனியார் சேகரிப்பாளர்களிடம் இருந்த 16 மி.மீ. படிகள் மற்றொரு மூலம் ஆகும்.

இவற்றின் உதவியால் ஒரு படி எந்த ஆண்டில் அச்சிடப்பட்டது, எந்த விநியோகத்தின் வழியாக வந்தது, அதில் எவை வெட்டப்பட்டுள்ளன என்பவற்றை ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். அண்மைக்கால வெளியீடுகள் சிலவற்றில் முதல் ஒளிபரப்பின் இலச்சினைகள் மீண்டும் இணைக்கப்பட்டுள்ளன. ஒரு நூலின் முதற்பதிப்பை அறிய அதன் தலைப்புப் பக்கம் எவ்வாறு உதவுகிறதோ, அவ்வாறே ஒரு நிகழ்ச்சியின் முதல் வடிவத்தை அறிய அதன் கடைசி நொடிகள் உதவுகின்றன.

காலவரிசை

- 1948: ஸிவ் நிறுவனம் தொலைக்காட்சியில் ஈடுபடத் தொடங்கியது.
- 1950: டெசிலு தொடக்கம், என்பிசி மணியொலி வணிகக் குறியாகப் பதிவு.
- 1951: 'ஐ லவ் லூசி', 'டிராக்நெட்' தொலைக்காட்சித் தொடர்கள் தொடக்கம்; சிபிஎஸ் கண் அறிமுகம்.
- 1952: ஃபோர் ஸ்டார் தொடக்கம், எம்சிஏவுக்கு நடிகர் சங்கத்தின் விலக்கு.
- 1955: வார்னர் உள்ளிட்ட பெரிய திரைப்பட நிறுவனங்கள் தொலைக்காட்சிக்கு வருகை.
- 1956: என்பிசி மயில் அறிமுகம்.
- 1960: ஸிவ் நிறுவனத்தை யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வாங்கியது.
- 1965: ஸ்கிரீன் ஜெம்ஸ் வண்ண இலச்சினை.
- 1967: டெசிலு விற்பனை.
- 1970: வலையமைப்புகளின் உரிமைப் பங்கைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஏற்பு, எம்டிஎம் பூனை அறிமுகம்.
- 1971: வயாகாம் தனி நிறுவனம் ஆயிற்று.
- 1974: ஸ்கிரீன் ஜெம்ஸ் என்னும் பெயர் கைவிடப்பட்டது.
- 1993: 1970 ஆம் ஆண்டின் உரிமைப் பங்கு விதிகளை நீக்கும் முடிவு.

இவற்றையும் பார்க்க

- தொலைக்காட்சி
- பதிப்புரிமை
- வணிகக் குறி
- அசைவூட்டம்